ஆன்லைன் மீடியா கம்பெனி நடத்துவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

செய்தித் தளம், நியூஸ்லெட்டர், வீடியோ சேனல் என்று ஏதாவது ஒன்றைத் தொடங்கி, அதைக் கம்பெனியாக வளர்க்க நினைப்பவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் இந்தத் தொழிலில் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. சிறிய தளங்களில் முதலில் எழுத்துப் பக்கம், அப்புறம் விளம்பரப் பக்கம் என்று வேலை பார்த்தவன், அவ்வளவுதான்.

ஆன்லைன் மீடியா தொழில்முனைவோர்னா யாரு? பிளாக் எழுதுறவங்க, யூடியூபர் எல்லாம் அதுல சேர்த்தியா?

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் உங்கள் தளமும் கூடவே படுத்துவிடுமா என்று யோசித்துப் பாருங்கள். படுத்துவிடும் என்றால் நீங்கள் சுயதொழில் செய்கிறீர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை, நன்றாகவே சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி நடத்துகிறவரின் வேலை வேறு. மற்றவர்களை எழுத வைப்பது, அவர்கள் எழுதுவதை விற்பனையாகும்படி அமைப்பது, மாதக் கடைசியில் சம்பளம் போடுவது.

ஜேசன் கலகானிஸ் என்ற அமெரிக்கரின் பாதை இதற்கு நல்ல உதாரணம். 1996-ல் போட்டோகாப்பி எடுத்து விநியோகித்த ஒரு செய்தி மடலாகத் தொடங்கி, நியூயார்க் இணையத் தொழில் பற்றி சிலிகான் ஆலி ரிப்போர்ட்டர் என்ற பத்திரிகையை வளர்த்தார். 2000-களின் தொடக்கத்தில் இணையக் கம்பெனிகள் வரிசையாக விழுந்த டாட்காம் சரிவில் அது அடிவாங்கியது. 2003-ல் பிரையன் ஆல்வியோடு சேர்ந்து வெப்லாக்ஸ் இங்க் என்று ஒன்றைத் தொடங்கினார். துறைக்கு ஒரு பிளாக், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மென்பொருள், ஒரே விளம்பர விற்பனை. எழுதியவர்கள் வேறு ஆட்கள். 2005-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையக் கம்பெனி அதை வாங்கியது, சுமார் 25 மில்லியன் டாலர் என்று அப்போது செய்தி வந்தது.

பணம் எங்கிருந்து வருது? விளம்பரம் மட்டும்தானா?

விளம்பரம், சந்தா, அஃபிலியேட் கமிஷன், நிகழ்ச்சிகள். பெரும்பாலான கம்பெனிகள் இவற்றில் இரண்டை வைத்து ஓடுகின்றன. இணையத்தில் பேனர் விளம்பரம் என்பதே 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளத்தில் தொடங்கியதுதான், ஏடி அண்ட் டி கம்பெனியின் விளம்பரம். 2003-ல் கூகுள் ஆட்சென்ஸ் வந்த பிறகு விற்பனை ஆள் ஒருவர்கூட இல்லாத தளத்துக்கும் காசு வர ஆரம்பித்தது. தளத்தில் ஒரு வரி நிரலை ஒட்டினால் போதும், விளம்பரத்தைக் கூகுள் போட்டுக்கொள்ளும்.

கணக்கு எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்தவை. மாதம் 10 லட்சம் பக்கப் பார்வை, பக்கத்துக்கு 3 விளம்பர இடம் என்றால் 30 லட்சம் முறை விளம்பரம் தெரிய வாய்ப்பு. ஆயிரம் முறைக்கு 2 டாலர் என்றால் 6,000 டாலர். ஆனால் எல்லா இடமும் விற்றுத் தீராது, 60 சதவீதம் நிரம்பினால் கையில் 3,600. இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். மாதம் 5 டாலர் கொடுக்கிற சந்தாதாரர் 1,000 பேர் என்றால் 5,000 டாலர். சந்தா நியூஸ்லெட்டர் நடத்த இடம் தரும் சப்ஸ்டாக் போன்ற இடத்தில் நடத்தினால் அவர்கள் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், கார்டு கட்டணம் தனி. அது போகவும் விளம்பரத்தைவிட மேல். பத்து லட்சம் பார்வைக்கும் ஆயிரம் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், கீழே பல கேள்விகளுக்கு இது திரும்ப வரும்.

அஃபிலியேட் என்றால், நீங்கள் பரிந்துரைத்த பொருளை வாசகர் உங்கள் இணைப்பு வழியாகப் போய் வாங்கினால் கடைக்காரர் தரும் கமிஷன். 2011-ல் பிரையன் லாம் தொடங்கிய வயர்கட்டர் இதை வைத்தே வளர்ந்தது. தினமும் நூறு செய்தி போடுகிற ஓட்டத்திலிருந்து வெளியே வந்து, 'இந்த வகையில் எதை வாங்கலாம்' என்பதற்கு ஒரே பதில், அதையும் நன்றாகச் சோதித்துப் பார்த்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டார். 2016-ல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 30 மில்லியன் டாலருக்கு வாங்கியது.

பத்திரிகை அனுபவம் இல்லாம இறங்கலாமா?

இறங்கலாம். மேஷபிள் என்ற டெக் செய்தித் தளத்தைத் தொடங்கும்போது பீட் கேஷ்மோருக்கு வயது 19, ஸ்காட்லாந்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். டெக்கிரஞ்ச் என்ற ஸ்டார்ட்அப் செய்தித் தளத்தைத் தொடங்கிய மைக்கேல் ஆரிங்டன் வழக்கறிஞர். மார்னிங் புரூ நியூஸ்லெட்டர் 2015-ல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் தொடங்கியது. எதிர்ப்பக்கம் கிசுகிசுவிலிருந்து கேட்ஜெட் வரை பல பிளாக்குகள் நடத்திய காக்கர் மீடியாவின் நிக் டென்டன், மீடியா தொழில் பற்றிய பெய்டுகன்டென்ட் தளத்தைத் தொடங்கிய ரஃபத் அலி எல்லாம் நிருபர்களாக இருந்து வந்தவர்கள்.

அனுபவம் இல்லாவிட்டால் முதல் நாள் எழுத்தில் குறை தெரியாது, முதல் புகார் வரும்போதுதான் தெரியும். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒருவர் மெயில் போடுவார். குறிப்பேடு இருக்கிறதா, ஒலிப்பதிவு இருக்கிறதா, திருத்தம் போடுவது யார் முடிவு? இதையெல்லாம் அன்றைக்குக் கற்றுக்கொள்வது செலவு அதிகம். குழுவில் ஒருவராவது இதில் அடிபட்டவராக இருக்கட்டும்.

எல்லா விஷயமும் எழுதினாதானே நிறைய பேர் வருவாங்க? ஒரே துறைன்னா சின்னதா போயிடாதா?

விளம்பரப் பக்கம் இருந்தபோது ஒவ்வொரு கம்பெனிக்காரரும் கேட்ட முதல் கேள்வி 'எத்தனை பேர்' என்பது இல்லை, 'யாரு படிக்கிறாங்க' என்பதுதான். எல்லோரும் என்று பதில் சொன்னால் போன் அந்தப் பக்கம் அமைதியாகிவிடும். மருத்துவமனைக்குக் கருவி வாங்குகிறவர்கள் என்று சொன்னால் விலை கேட்பார்கள்.

அபௌட்.காம் கதையைப் பாருங்கள். எல்லாத் தலைப்புக்கும் பதில் இருக்கிற ஒரே தளம். நியூயார்க் டைம்ஸ் 2005-ல் 410 மில்லியனுக்கு வாங்கி, 2012-ல் ஐஏசி கம்பெனிக்கு 300 மில்லியனுக்கு விற்றது, அதாவது கைநஷ்டம். புதிய நிர்வாகம் என்ன செய்தது என்றால், அந்தப் பெரிய வீட்டை இடித்துத் தனித்தனி வீடாகக் கட்டியது. உடல்நலத்துக்கு வெரிவெல், வீட்டுப் பராமரிப்புக்கு தி ஸ்ப்ரூஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், விளம்பரம் குறைவு, பக்கம் வேகம். 2017-ல் கம்பெனியின் பெயரையே டாட்டாஷ் என்று மாற்றினார்கள். 2021-ல் அதே டாட்டாஷ், மெரடித் என்ற பெரிய பத்திரிகைக் கம்பெனியைச் சுமார் 2.7 பில்லியன் டாலருக்கு வாங்கியது. பழைய கட்டுரைகளில் கணிசமானவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

முதல்ல எத்தனை பேர் வேணும்?

எழுத ஒருவர், விற்க ஒருவர். இரண்டும் நீங்களே என்றால் ஆறு மாதம் தாங்கும். டெக்னிக்கல் ஆள் முழுநேரம் ஆரம்பத்தில் தேவையில்லை, கிடைக்கிற மென்பொருளே போதும்.

ஃபேஸ்புக், கூகுள்ல இருந்து வர்ற கூட்டத்தை நம்பி நடத்தலாமா?

இதுதான் எனக்கு அதிகம் வந்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் ஆசிரியர் மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒரு திரை இருக்கும், அந்த நிமிடம் தளத்தில் எத்தனை பேர் என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனால் அந்த எண் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. எண்ணும் கருவிதான் கெட்டுவிட்டது என்று ஒருவர் திரையை அணைத்துப் போட்டார், மறுபடியும் அதே எண். சர்வரைப் பார்த்தோம், முந்தின நாள் மாற்றிய நிரலைப் பழையபடி வைத்துப் பார்த்தோம். மதியம்தான் புரிந்தது, தேடல் முடிவுகளில் எங்கள் பக்கங்கள் எல்லாம் கீழே போய்விட்டன. எங்கள் பக்கம் ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் குழுவில் பாதிப் பேர் இல்லை, திரையையும் கழற்றிவிட்டார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. டிமாண்ட் மீடியா என்ற கம்பெனி, மக்கள் கூகுளில் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ப மலிவாகக் கட்டுரை எழுத வைத்தது. 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே கூகுள், பாண்டா என்று பின்னாளில் அழைக்கப்பட்ட மாற்றத்தைக் கொண்டுவந்து தரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது, கம்பெனி அதிலிருந்து எழவே இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது, ஃபேஸ்புக் கூட்டத்தை நம்பியிருந்த லிட்டில்திங்ஸ் தளம் பிப்ரவரியில் மூடப்பட்டது. வீடியோவுக்கு மாறுங்கள் என்ற அலையில் எழுத்தாளர்களை அனுப்பிவிட்டு கேமரா வாங்கியவர்கள் இன்னொரு கூட்டம். வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற எண்ணை ஊதிக் காட்டியிருந்தோம் என்று 2016-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைச் சராசரியில் சேர்க்கவே இல்லையாம்! விளம்பரதாரர்கள் போட்ட வழக்கு 2019-ல் 40 மில்லியன் டாலரில் சமரசமானது. அதற்குள் அனுப்பப்பட்ட எழுத்தாளர்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். ஆகவே அங்கிருந்து வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வந்தவரிடம் மின்னஞ்சல் முகவரியை வாங்கி வைக்கப் பாருங்கள். அடுத்த முறை அவர் உங்களைத் தேடி வர வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரிடம் போக வழி இருக்க வேண்டும்.

இப்போ ஏஐயே பதில் சொல்லிடுது. இனிமே யாரு தளத்துக்கு வரப்போறாங்க?

'முட்டையை எத்தனை நிமிடம் வேகவைக்க வேண்டும்' வகைக் கேள்விக்கு வரமாட்டார்கள். 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் தேடல் முடிவின் தலையிலேயே ஏஐ சுருக்கத்தைப் பரவலாகப் போடத் தொடங்கியபோதே அந்த வகைத் தளங்களுக்குச் சிக்கல் தொடங்கிவிட்டது. போன கேள்வியின் பதிலில் சொன்ன அதே கதைதான், இந்த முறை உங்களைக் கீழே தள்ளாமல், உங்கள் பதிலையே எடுத்து மேலே வைத்துக்கொள்கிறார்கள்.

நேற்று நடந்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர், பொருளைக் கையில் எடுத்துச் சோதித்தவர், பத்து வருடமாக ஒரே துறையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எழுதுவது முதலில் எங்காவது வெளிவந்தால்தான் எந்த இயந்திரமும் சுருக்க முடியும். அதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். பென் தாம்சன் தனி ஆளாக ஸ்ட்ராட்டெக்கரி என்ற நியூஸ்லெட்டர் நடத்தி 2014-லிருந்து சந்தாவில் வாழ்கிறார், தொழில்நுட்பக் கம்பெனிகளின் வியூகம் என்ற ஒற்றைத் துறை.

முதலீட்டாளர் பணம் வாங்கலாமா? வாங்கினா என்ன ஆகும்?

வேகமாக வளர வேண்டியிருக்கும், அவ்வளவுதான் ஆகும். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. பத்துப் பேர் வைத்து மெதுவாக லாபம் பார்க்கும் ஒரு தளம் உங்களுக்கு வெற்றி, பல மடங்கு திரும்ப எதிர்பார்த்த முதலீட்டாளருக்கு அது தோல்வி. மேஷபிள் 2016-ல் சுமார் 250 மில்லியன் டாலர் மதிப்பில் பணம் திரட்டியது, அடுத்த வருடமே ஜிஃப் டேவிஸ் என்ற மீடியா கம்பெனிக்கு விற்றபோது விலை சுமார் 50 மில்லியன். வைஸ் என்ற மீடியா கம்பெனிக்கு 2017-ல் 5.7 பில்லியன் மதிப்பு என்றார்கள், 2023 மே மாதம் திவால் மனு. பஸ்ஃபீட் 2021 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது, 2023-ல் தன் செய்திப் பிரிவான பஸ்ஃபீட் நியூஸையே மூடியது. புலிட்சர் என்ற பெரிய பத்திரிகைப் பரிசு வாங்கிய செய்திப் பிரிவு அது.

எல்லாமே இப்படியா என்றால் இல்லை. தி அத்லெட்டிக் முதலீடு வாங்கித்தான் நகரத்துக்கு நகரம் விளையாட்டு நிருபர்களை எடுத்தது, நஷ்டத்தில்தான் ஓடியது, ஆனால் சந்தாதாரர்கள் இருந்தார்கள். 2022-ல் நியூயார்க் டைம்ஸ் 550 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இரண்டாவது கேள்வியில் போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்.

காசு கொடுக்காம வாசகர்களையே எழுத வைக்கலாமா? ஹஃப்பிங்டன் போஸ்ட் அப்படித்தானே பண்ணினாங்க?

பண்ணினார்கள். 2005 மே மாதம் தொடங்கிய ஹஃப்பிங்டன் போஸ்டில் ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் பிளாக் எழுதினார்கள், பெயர் தெரிகிறதே என்று. 2011-ல் ஏஓஎல் அதை 315 மில்லியன் டாலருக்கு வாங்கியதும், எங்கள் பங்கு எங்கே என்று எழுதியவர்கள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். 2012-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது, காசு கிடையாது என்று தெரிந்தேதான் எழுதினீர்கள் என்று. சட்டப்படி ஜெயிப்பு. ஆனாலும் நான் செய்யமாட்டேன். இலவசமாக எழுதுகிறவரிடம் 'நாளைக்குக் காலை எட்டு மணிக்குள் வேண்டும்' என்று கேட்க முடியாது, 'இதை மாற்றி எழுதுங்கள்' என்றும் சொல்ல முடியாது. அப்படி இரண்டும் முடியாத இடத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை?

கம்பெனியை விக்கிறதுன்னா உண்மையில என்னத்தை விக்கிறோம்? கட்டுரையையா, சர்வரையா?

பெயர், டொமைன், பழைய கட்டுரைகளின் உரிமை, சந்தாதாரர் பட்டியல், விளம்பர ஒப்பந்தங்கள், அப்புறம் உங்களையும்தான். வாங்குகிறவர் மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுப்பது அபூர்வம். ஒரு பகுதி கையில், மீதி இத்தனை வருடம் இருந்து இந்த இலக்கை எட்டினால்தான். இதற்கு ஈர்ன்-அவுட் என்று பெயர். கூடவே, விலகிய பின் இத்தனை காலம் போட்டித் தளம் தொடங்கக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். செய்தியில் வரும் விலை வேறு, நிறுவனர் கணக்கில் வரும் தொகை வேறு. முதலீட்டாளர் இருந்தால் அவர்களுக்குப் போனது போகத்தான் உங்களுக்கு.

நல்லா எழுதுற ஆள் வேற இடத்துக்குப் போயிட்டா வாசகர்களும் போயிடுவாங்களே?

போவார்கள். காக்கரின் கேட்ஜெட் பிளாக்கான கிஸ்மோடோவை எழுதிக்கொண்டிருந்த பீட்டர் ரோஹாஸை, பங்கு தருகிறேன் என்று சொல்லி மேலே சொன்ன கலகானிஸ் இழுத்தார், 2004-ல் எங்கேட்ஜெட் என்ற போட்டி பிளாக் பிறந்தது. பிறகு ஏஓஎல் கையில் இருந்த அதே எங்கேட்ஜெட்டிலிருந்து 2011-ல் ஜோஷுவா டோபோல்ஸ்கி, நிலய் படேல் உள்ளிட்ட குழு வெளியேறி, அந்த வருடக் கடைசியில் தி வெர்ஜ் என்ற டெக் தளத்தைத் தொடங்கியது. ஏழு வருடத்தில் வட்டம் முடிந்துவிட்டது. சம்பளம் மட்டும் வாங்குகிறவர் சம்பளம் கூடும் இடத்துக்குப் போவார். பங்கை முதலிலேயே எழுதிக் கொடுங்கள், அவர் கிளம்பும் வாரம் பேச ஆரம்பிக்காதீர்கள்.

உண்மையைத்தானே எழுதுறோம், வழக்கு வந்தா என்ன?

உண்மையாக இருந்தாலும் வெளியிடக்கூடாதது என்று உண்டு. காக்கர் 2012-ல் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனின் அந்தரங்க வீடியோவின் ஒரு பகுதியைப் போட்டது. வீடியோ நிஜம்தான். 2016 மார்ச்சில் ஃப்ளோரிடா நடுவர் குழு மொத்தம் 140 மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது. வழக்குச் செலவை ரகசியமாக ஏற்றவர் பெரும் பணக்கார முதலீட்டாளர் பீட்டர் தீல், அவரைப் பற்றி காக்கரின் தளம் ஒன்று 2007-ல் எழுதியிருந்தது. ஜூனில் திவால், ஆகஸ்டில் யூனிவிஷன் மற்ற தளங்களை 135 மில்லியனுக்கு வாங்கிக்கொண்டது, காக்கர்.காம் மூடப்பட்டது. கடைசியில் ஹோகனோடு 31 மில்லியனில் சமரசம். மேல்முறையீட்டில் தொகை குறைந்திருக்கலாம் என்பார்கள், அதுவரை தாங்கக் கம்பெனியிடம் பணம் இல்லை.

சின்னத் தளத்துக்கு 140 மில்லியன் தேவையே இல்லை, ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். வரவு வந்த முதல் வருடத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பழக்கம் பிடித்து வையுங்கள். உங்கள் நாட்டில் ஊடகங்களுக்கான பொறுப்புக் காப்பீடு கிடைத்தால் அதையும் பாருங்கள்.

வித்த அப்புறம் இவங்கெல்லாம் என்னதான் பண்றாங்க?

பாதிப்பேர் மறுபடி தொடங்குகிறார்கள். ரஃபத் அலி 2008-ல் பெய்டுகன்டென்டை கார்டியன் குழுமத்துக்கு விற்றார், 2012-ல் பயணத் தொழில் பற்றி ஸ்கிஃப்ட் தொடங்கினார். ஜிம் வாண்டிஹெய் 2007-ல் பொலிட்டிகோ என்ற அரசியல் செய்தித் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், வெளியே வந்து 2017-ல் ஆக்ஸியோஸ் என்ற செய்தித் தளம், அதுவும் 2022-ல் காக்ஸ் நிறுவனத்துக்கு 525 மில்லியனுக்கு விலைபோனது. கலகானிஸ் 2007-ல் மஹாலோ என்று மனிதர்கள் தொகுக்கும் தேடல் தளம் கொண்டுவந்தார், அதையும் அதே பாண்டா அடித்தது, அவர் பிறகு தொடக்கநிலை முதலீட்டாளராகிவிட்டார். அவரது ஆரம்ப முதலீடுகளில் ஊபரும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோடு மாதிரி தெரியும், உள்ளே பெரும்பாலும் இரண்டு தோல்விக்கு நடுவில் ஒரு விற்பனை.

சரி, நடக்கலைன்னா எப்போ மூடணும்னு எப்படித் தெரியும்?

நியூஸ்லெட்டரை ஒரு வாரம் அனுப்பாமல் விட்டுப் பாருங்கள். 'என்ன ஆச்சு, வரலையே' என்று யாரும் எழுதவில்லை என்றால் தெரிந்துகொள்ளலாம். நாங்கள் ஒருமுறை தெரியாமல் தவறவிட்டோம், பட்டியலில் பல ஆயிரம் பேர் இருந்தும் விசாரித்து வந்தது ஒரே மெயில், அதுவும் முன்னாள் ஊழியர் ஒருவரிடமிருந்து.

மூடும்போது சம்பளம் கொடுக்கக் காசு மிச்சமிருக்கும்போதே மூடுங்கள். சந்தாவில் மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எழுதியவர்களுக்கு அவர்களுடைய கட்டுரைகளின் பிரதியைக் கொடுத்துவிடுங்கள். டொமைனை மட்டும் உடனே கைவிடாதீர்கள், சில வருடமாவது புதுப்பித்துக்கொண்டே இருங்கள். நான் முதன்முதலில் எழுதிய தளத்தின் டொமைன் காலாவதியானதும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். என் பழைய கட்டுரைகளுக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்புகளை அழுத்தினால் இப்போது ஒரு சூதாட்டத் தளம் திறக்கிறது.